கெர்பர் என்றால்

எங்கள் வீட்டு எவர்சில்வர் பாத்திரம் எதுவும் தொலைந்ததாக எனக்கு நினைவில்லை. பாத்திரக்கடையில் பேர் வெட்டித் தரும்போது மற்றவர்கள் இரண்டு எழுத்து இனிஷியலோடு நிறுத்திக்கொள்வார்கள். அப்பா மட்டும் கடைக்காரர் பக்கத்திலேயே நின்று 'கெர்பர்' என்று முழுசாக வெட்ட வைப்பார். யார் வீட்டுக் கல்யாணத்துக்கு இரவல் போனாலும் குண்டானும் கரண்டியும் ஒழுங்காக வீடு வந்து சேர்ந்துவிடும். அந்தப் பேரை 'எங்களுடையது' என்று சொல்லிக்கொள்ள அம்பத்தூரில் வேறு ஆள் கிடையாது.

கெர்பர் என்பது ஜெர்மன்காரர்களின் குடும்பப் பேர். நாங்கள் ஜெர்மன்காரர்கள் இல்லை. அப்பா நல்ல கறுப்பு, மகள் நான் அவரைவிட ஒரு பிடி கூட. ஆனாலும் ஒவ்வொரு ஜூன் மாதமும் புதிதாக வரும் டீச்சர் வருகைப் பதிவேட்டில் என் பேரின் வால் பகுதியைப் பார்த்ததும் முகம் மலர்ந்து என்னிடம் இங்கிலீஷில் பேச ஆரம்பிப்பார். ஆங்கிலோ இந்தியன் என்று நினைப்பு. நிமிர்ந்து என்னைப் பார்த்ததும் அந்த இங்கிலீஷ் பாதியில் நின்றுவிடும். பையன்கள் 'கர்ப்பர்' என்று கூப்பிட்டார்கள். ஒருத்தன் முதுகில் ஜாமெட்ரி பாக்ஸால் ஒன்று வைத்த பிறகு அதுவும் நின்றது.

பேர் வந்த கதை என்று வீட்டில் சொல்லப்பட்டது இவ்வளவுதான். அப்பாவின் தாத்தா வாலிப வயதில் ஞானஸ்நானம் எடுத்தபோது, அதைக் கொடுத்த ஜெர்மன் மிஷன் ஐயர் தன்னுடைய பேரையே அவருக்கு வைத்துவிட்டார். எங்கள் சபையில் போதகரை ஐயர் என்றுதான் கூப்பிடுவோம். கொஞ்ச காலத்தில் யுத்தம் வந்தது, ஜெர்மன்காரர்களையெல்லாம் கப்பலேற்றி அனுப்பினார்கள், அந்த ஐயர் என்ன ஆனார் என்று யாருக்கும் தெரியாது. பேர் மட்டும் எங்களிடம் தங்கிவிட்டது. அந்தத் தாத்தா என்ன வேலை செய்தார், எந்த ஊர் என்று கேட்டால் அப்பா பேச்சை வேறு பக்கம் திருப்பிவிடுவார்.

அர்த்தம் கேட்டால் மட்டும் உற்சாகமாகிவிடுவார். சபையில் ஓய்வு பெற்ற உபதேசியார் ஒருவர் இருந்தார். 'கெர்' என்றால் அவர்கள் பழைய பாஷையில் ஈட்டி என்று ஏதோ ஒரு புத்தகத்தில் படித்ததாக அவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை சொல்லிவிட்டார். அப்பாவுக்கு அது போதுமாயிருந்தது. ஈட்டி என்றால் ஈட்டி வீரன். அம்பத்தூர் எஸ்டேட்டில் அவர் ஃபிட்டராக வேலை பார்த்த கம்பெனியில் அந்த ஈட்டி வீரனைத் தெரியாத ஆளே இல்லை. டூல் பாக்ஸ் மூடியில் வெள்ளை பெயிண்டில் இங்கிலீஷ் எழுத்தில் பேரை எழுதி, பக்கத்தில் சின்னதாக ஒரு ஈட்டியும் வரைந்து வைத்திருந்தார்.

இந்தப் பேர் அப்பாவுக்கு எதற்கு அவ்வளவு முக்கியம் என்பது எனக்குப் பிறகுதான் புரிந்தது. எங்கள் பக்கத்தில் ஒரு கேள்வி உண்டு. வாடகைக்கு வீடு கேட்டுப் போனால், புதிதாக ஒரு டிபார்ட்மென்டில் சேர்ந்தால், பஸ்ஸில் பக்கத்து சீட்டில் உட்கார்ந்தால்கூட, ரொம்ப மரியாதையாகக் கேட்பார்கள்: 'நீங்க எந்த ஆளுங்க?' வேதக்காரர், கிறிஸ்தவர் என்று சொன்னால் விட்டுவிடமாட்டார்கள், 'அதுக்கு முன்னாடி?' என்பார்கள். அப்பா அப்போது தன் பேரைச் சொல்வார். கேட்டவர் குழம்பிப்போய் நிறுத்திக்கொள்வார். அப்படி ஒரு திரைச்சீலையைக் கட்டிக்கொண்டுதான் நாங்கள் பத்துப் பதினைந்து வருஷம் வாடகை வீடுகளில் குடியிருந்தோம். எல்லோரும் எங்கள் வீட்டில் கை நனைத்தார்கள். அம்மா வைக்கிற கறிக்குழம்புக்கு அப்பா வேலை பார்த்த மெஷின் ஷாப்பில் தனி மரியாதையே இருந்தது.

எண்பதுகளின் நடுவில், கம்பெனி ஆட்கள் சிலர் சேர்ந்து ஆவடி சேக்காட்டில் பக்கம் பக்கமாக மனை வாங்கினார்கள். அப்பாவும் ஒன்று வாங்கினார். அடுத்த மனை அவருடைய ஃபோர்மேனுடையது. நல்ல மனிதர். அப்பாவுக்கு ஓவர்டைம் ஒழுங்காகக் கிடைத்தது அவரால்தான். தீபாவளிக்கு அவர் வீட்டு முறுக்கும் கிறிஸ்துமஸுக்கு எங்கள் வீட்டுக் கேக்கும் மாறி மாறிப் போகும். ஆனால் அந்தக் கேள்வியை அப்பாவிடம் அதிகத் தடவை கேட்டவரும் அவர்தான். ஒவ்வொரு தடவையும் சிரித்துக்கொண்டே கேட்பார், சிரித்துக்கொண்டே விட்டுவிடுவார்.

சுவர் எழும்பி, தளம் போட்டு, முகப்புக் கைப்பிடிச்சுவரின் பூச்சு வேலை வந்தது. அந்தக் காலத்தில் வீட்டு முகப்பில் சிமென்டிலேயே பேரைப் புடைப்பாக வைப்பார்கள். அன்னை இல்லம், முருகன் துணை, இரண்டு பக்கமும் அன்னப்பறவை, நடுவில் தாமரை. எங்கள் மேஸ்திரி அதில் கெட்டிக்காரர். பூச்சு ஈரமாயிருக்கும்போதே கரியால் எழுத்தை வரைந்து, அதன்மேல் கலவையை அப்பி, கரணை நுனியால் ஓரம் வெட்டுவார். அப்பா அவரிடம் கெர்பர் என்று ஓர் அடி உயரத்துக்கு எழுத்தும் இரண்டு பக்கமும் ஈட்டியும் வேண்டும் என்று சொல்லிவிட்டார். மேஸ்திரி முதலில் கட்டத்தை மட்டும் வைத்துவிட்டு, எழுத்தை அடுத்த வாரம் வைக்கிறேன் என்றார்.

அந்த வாரத்தில்தான் கம்பெனிக்கு ஜெர்மனியிலிருந்து ஒரு கிரைண்டிங் மெஷின் வந்தது, அதைப் பொருத்திக் கொடுக்க ஒரு இன்ஜினியரும் வந்தார். செக்கச் சிவந்த ஆள், வியர்த்து வழியும், ஆனால் தரையில் படுத்து வேலை செய்யத் தயங்காதவர். இரண்டாம் நாள் டீ நேரத்தில் அப்பாவின் டூல் பாக்ஸைப் பார்த்திருக்கிறார். பேரைச் சத்தமாகப் படித்திருக்கிறார். இது யாருடையது என்று கேட்டு, அப்பாவைக் கட்டிப்பிடிக்காத குறையாகக் கையைக் குலுக்கியிருக்கிறார். தன் அம்மாவின் பிறந்த வீட்டுப் பேரும் கெர்பர்தானாம். அப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை. சின்ன மேனேஜர் மொழிபெயர்க்க, அப்பா ஈட்டியைக் காட்டி ஈட்டி வீரன் கதையை எடுத்துவிட்டிருக்கிறார்.

ஜெர்மன்காரர் விழுந்து விழுந்து சிரித்துவிட்டு, ஈட்டியும் இல்லை வீரனும் இல்லை, கெர்பர் என்றால் தோல் பதனிடுகிறவர் என்றார். அவர்கள் நாட்டில் பாதிப் பேருக்குத் தொழிலால் வந்த பேராம். மாவு அரைத்தவர், துணி தைத்தவர், வண்டி செய்தவர் எல்லோருக்கும் அவரவர் தொழிலே பேராக நின்றுவிட்டதாம். தன்னுடைய அப்பா வழிப் பேருக்குப் பானை செய்கிறவர் என்று அர்த்தம் என்றும் சொல்லியிருக்கிறார். அதை அவர் சொன்ன விதத்தில் ஒரு கூச்சமும் இல்லை, இன்றைக்கு வெயில் அதிகம் என்று சொல்வதைப் போலச் சொன்னார் என்று அப்பா பல வருஷம் கழித்தும் ஆச்சரியப்படுவார்.

ஷாப்பில் அன்று ஒரே கும்மாளம். ஈட்டியை இனி எதில் குத்துவாய் என்று ஆளாளுக்குக் கேட்டிருக்கிறார்கள். அப்பா அதையெல்லாம் தாங்கிக்கொண்டார். ஃபோர்மேன் மட்டும் கிண்டல் செய்யவில்லை. கூட்டம் கலைந்த பிறகு பக்கத்தில் வந்து, குரலைத் தாழ்த்தி, "உங்க தாத்தாவும் அதே வேலைதானா?" என்று கேட்டிருக்கிறார். அப்பா டூல் பாக்ஸை எடுத்துக்கொண்டு வேறு பக்கம் போய்விட்டார்.

அன்று சாயங்காலம் அப்பா சைக்கிளை நிறுத்திவிட்டு, கைகால்கூடக் கழுவாமல் கட்டிலில் உட்கார்ந்தார். நடந்ததை அம்மாவிடம் சொன்னார். நான் பாடம் படிப்பதாகப் பாவனை செய்துகொண்டு கேட்டேன். அப்போதுதான் முதல்முறையாக எனக்குத் தெரிந்தது: அப்பாவின் தாத்தா பல்லாவரத்துத் தோல் ஷாப்பில் கூலியாக இருந்தவர். மாட்டுத்தோலைச் சுண்ணாம்புத் தொட்டியில் ஊற வைத்து, முடி போகச் சுரண்டி, ஆவாரம்பட்டைத் தண்ணீரில் போட்டுப் பதப்படுத்துகிற வேலை. நம் ஊரில் அந்த வேலையைச் சொன்னாலே ஜாதியைச் சொன்ன மாதிரி. திரைச்சீலையாக இருந்த பேரே ஒரே நாளில் விளம்பரப் பலகை ஆகிவிட்டது.

அம்மா அழவில்லை, காரியத்தைப் பார்த்தாள். நல்லவேளை, இன்னும் எழுத்து வைக்கவில்லை என்றாள். எபிநேசர் இல்லம் என்று வைத்துவிடுவோம், வேதத்தில் உள்ள பேர், யாரும் எதுவும் கேட்கமாட்டார்கள் என்றாள். ஃபோர்மேன் கேட்டதற்கு அப்பா பதில் சொல்லாதது நல்லதாயிற்று, அப்படியே விட்டால் மறந்துவிடுவார்கள் என்பதும் அவள் கணக்கு. மறுநாள் அப்பா மேஸ்திரியிடம் போய், எழுத்து வேலையை இப்போதைக்கு நிறுத்தச் சொல்லிவிட்டு வந்தார். முகப்பில் வெறும் கட்டம் மட்டும் இருந்தது. போகிறவர் வருகிறவர் எல்லாம், என்ன சார், பேர் இன்னும் முடிவாகலையா என்று கேட்டார்கள். எனக்கு எரிச்சலாக வந்தது. ஒரு வீடே வாயை மூடிக்கொண்டு நிற்பதைப் பார்க்கச் சகிக்கவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அத்தை வந்தாள். அப்பாவுக்கு ஒரே அக்கா, நசரத்பேட்டையில் இருந்தவள், அப்பாவைவிட எட்டு வயது மூத்தவள். அத்தை வாயைத் திறந்தால் தெருமுனை வரை கேட்கும். அப்பாவின் முகத்தைப் பார்த்துவிட்டு விஷயத்தை அம்மாவிடமிருந்து பிடுங்கினாள். கேட்டு முடித்ததும் அவளும் அந்த ஜெர்மன்காரரைப் போலவே சிரிக்க ஆரம்பித்தாள். எனக்கு அவள்மேல் கோபம் வந்தது.

"இன்னாடா இது, இதுக்குப் போயி மூஞ்சத் தூக்கி வச்சிகினு குந்திகினு கீறே?" என்றாள்.

பிறகு அவள் சொன்னது அப்பாவுக்கே தெரியாத கதை. அவர்கள் தாத்தா சாகும்போது அப்பா தவழ்கிற குழந்தை, அத்தைதான் அவர் மடியில் உட்கார்ந்து கேட்டவள். தோல் ஷாப்புக்குப் பிரசங்கம் பண்ண வருகிறவர்கள் எல்லாம் வெளியே ரோட்டிலேயே நின்று, மூக்கில் கைக்குட்டையை வைத்துக்கொண்டு பேசுவார்களாம். இந்த வெள்ளைக்கார ஐயர் மட்டும் நேராகத் தொட்டி விளிம்புக்கு வந்து குத்துக்காலிட்டு உட்கார்ந்தாராம். ஊறுகிற தோலின் ஓரத்தைக் கிள்ளி, விரலுக்கு நடுவில் தேய்த்துப் பார்த்து, இன்னும் ஊற வேண்டும் என்றாராம். எங்கள் ஊர் ஆற்றங்கரையிலும் இதே நாற்றம்தான் என்று உடைந்த தமிழில் சொன்னாராம். நம்மைத் தேற்றுவதற்காகச் சொல்கிறார் என்றுதான் தாத்தா நினைத்துக்கொண்டார். ஞானஸ்நானத்துக்கு முந்தின நாள், என்ன பேர் வேண்டும், பேதுருவா, யோவானா என்று ஐயர் கேட்க, அதெல்லாம் வேண்டாம், உங்கள் பேரைக் கொடுங்கள் என்று தாத்தா கேட்டுவிட்டார். பேர் என்ன என்று சரியாகச் சொல்லக்கூட அவருக்குத் தெரியாது. ஐயர் கண்ணில் தண்ணீர் வருகிற அளவுக்குச் சிரித்தார். சிரித்து முடித்து, இந்தப் பேருக்கு என்னைவிட நீதான் பொருத்தம் என்று சொல்லிக் கொடுத்துவிட்டார்.

"அந்த ஐயரு இன்னாத்துக்கு அப்டி சிரிச்சாருன்னு தாத்தாவுக்குக் கடேசி வரைக்கும் தெரியாமலே பூட்டுது," என்றாள் அத்தை. "அவுரு பேரையும் மறைக்கல, நம்ம தொழிலையும் மறைக்கல. தெரிஞ்சிதான் குடுத்துட்டுப் போயிருக்காரு. நீ இன்னாடான்னா ஈட்டி வரைஞ்சிகினு கீறே."

அப்பா அக்காவையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு வாரமாகத் தொங்கிப்போயிருந்த அந்த முகம் கொஞ்சம் கொஞ்சமாக நிமிர்ந்ததை நான் பார்த்தேன். தானமாகக் கிடைத்த பேர் என்று நாங்கள் நினைத்திருந்தோம். தொட்டியில் இறங்கி நின்ற ஒருவர், அதே தொட்டி வழியில் வந்த இன்னொருவரிடம் உரிமையோடு கேட்டு வாங்கியது அது. கேட்டவருக்கு அது தெரியாது, கொடுத்தவருக்குத் தெரியும். அன்றைக்கு எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. இப்போது எழுதும்போதும் சிலிர்க்கிறது.

அம்மாவுக்கும் சிலிர்த்திருக்கும், ஆனால் அவள் பயம் வேறு. கதையெல்லாம் நன்றாக இருக்கிறது, அந்தப் பேரை முகப்பில் வைத்துவிட்டு குடிபோகிற அன்றைக்கு வீடு பிரதிஷ்டைக்குக் கூப்பிட்டால் வருகிறவர்கள் கை நனைப்பார்களா என்று கேட்டாள். அவள் கேட்டதில் தப்பில்லை. அந்தத் தெருவில் இனிமேல் காலம் முழுக்கக் குடியிருக்கப் போகிறவள் அவள். அப்பாவும் அதை அலட்சியமாகத் தள்ளவில்லை. "நனைக்காதவன் யாருன்னு தெரிஞ்சிக்கிட்டே குடியிருக்கலாம்மா," என்றார். அன்று மத்தியானமே சைக்கிளை எடுத்துக்கொண்டு மேஸ்திரி வீட்டுக்குப் போனார். ஓர் அடி எழுத்து ஒன்றரை அடி ஆயிற்று. ஈட்டி வேண்டாம் என்றார். பக்கத்தில் என்ன வைப்பது என்று கேட்ட மேஸ்திரிக்கு, ஒன்றும் வேண்டாம், பேர் மட்டும் போதும் என்று பதில்.

வீடு பிரதிஷ்டை ஒரு சனிக்கிழமை. வாசலில் பந்தல், பூந்தமல்லியிலிருந்து பாய் வந்து பின்பக்கம் அடுப்பு மூட்டி பிரியாணிக்குத் தம் போட்டிருந்தார். சபை ஆட்கள், ஷாப் ஆட்கள் குடும்பத்தோடு, தெருக்காரர்கள் என்று பந்தல் நிறைந்திருந்தது. எங்கள் சபை ஐயர் ஜெபம் செய்து, சங்கீதம் வாசித்து, ரிப்பனை வெட்டினார். எங்கள் வழக்கப்படி சாப்பாட்டுக்கு முன்னால் வீட்டுக்காரர் எழுந்து சாட்சி சொல்லவேண்டும். கர்த்தர் எப்படி நடத்தினார், எப்படி இந்த வீட்டைக் கட்டினோம் என்று நாலு வார்த்தை. பெரும்பாலும் எல்லோரும் ஒரே சாட்சியைத்தான் சொல்வார்கள், பிரியாணி வாசனையில் யாரும் கவனிக்கவும் மாட்டார்கள்.

அப்பா ஸ்தோத்திரம் சொல்லித்தான் ஆரம்பித்தார். பிறகு ஒரு முறை தொண்டையைச் செருமிக்கொண்டார். அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"எங்க தாத்தா பல்லாவரத்துல தோல் ஷாப்ல வேலை செஞ்சவரு. சுண்ணாம்புத் தொட்டியில எறங்கித் தோல் தேச்ச கை அவருது. எங்க அப்பா பொறந்ததும் அங்கதான். மேல எழுதியிருக்கே பேரு, அதுக்கும் அதான் அர்த்தம், தோல் பதம் பண்றவன். இத்தினி வருஷமா உங்ககிட்ட எல்லாம் ஈட்டி வீரன்னு சொல்லிட்டிருந்தேன். ஈட்டியெல்லாம் ஒண்ணும் இல்ல. ஆனா, இந்தப் பேரு எனக்கு முன்னைவிட இப்பதான் பெருமையா இருக்கு. எல்லாரும் இருந்து சாப்பிட்டுத்தான் போவணும்."

உட்கார்ந்துவிட்டார். அத்தை ஒருத்திதான் ஆமென் என்றாள், அதுவும் தெருமுனைக்குக் கேட்கிற மாதிரி. என் அப்பாவை நான் அதற்கு முன்னாலும் பின்னாலும் எத்தனையோ தடவை மெச்சியிருக்கிறேன். ஆனால் அந்த நிமிஷம், இன்னாருடைய பெண் நான் என்று பந்தல் கம்பத்தில் ஏறிக் கத்தவேண்டும்போல் இருந்தது.

பந்தி தொடங்கியது. சபை ஆட்கள் உட்கார்ந்தார்கள். ஷாப் ஆட்களில் இளைஞர்கள் முதல் பந்தியிலேயே இடம் பிடித்து, ஈட்டியை விட்டுவிட்டு எலும்பைப் பற்றிக் கிண்டல் பேச ஆரம்பித்தார்கள். சிலர் மெதுவாக நழுவினார்கள். ஒருவருக்கு வயிறு சரியில்லை. ஒருவர் குடும்பத்தில் எல்லோருக்கும் அன்று விரதம், போன கிறிஸ்துமஸுக்கு எங்கள் வீட்டில் எலும்பைக் கடித்த அதே குடும்பம். அப்பா வாசலில் நின்று ஒவ்வொருவருக்கும் வணக்கம் சொல்லி அனுப்பினார். தலை குனியவில்லை.

கடைசியில் ஃபோர்மேன் எழுந்தார். மனைவியோடு வாசல் வரை வந்தார். ஐயப்பன்தாங்கலில் ஒரு விசேஷம், அங்கே தலை காட்டவேண்டும், இன்னொரு நாள் வந்து சாப்பிடுகிறேன் என்று அப்பாவின் தோளைத் தட்டிச் சொன்னார். அப்பா சரி என்றார். அம்மா கரண்டியோடு பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு வேறு யார் போனதும் பெரிதில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் குடியிருக்கப் போகிறவர்கள் இவர்கள்.

ஃபோர்மேன் செருப்பைப் போட்டுக்கொண்டு திரும்பிப் பார்த்தார். அவருடைய மனைவி இன்னும் பந்தலுக்குள்ளேயே நின்றிருந்தார். அதிகம் பேசாத அம்மாள். எங்கள் வீட்டுக்கு எத்தனை தடவை வந்தாலும் அம்மாவிடம் மட்டும்தான் பேசுவார், அப்பாவை நேராகப் பார்த்துக்கூடப் பேசியதில்லை.

"நீங்க போய்ட்டு வாங்க," என்றார் கணவரிடம். "நான் சாப்ட்டுட்டு வரேன்."

ஃபோர்மேன் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அந்த அம்மாள் அதற்குள் திரும்பிப் போய், சபைப் பெண்கள் வரிசையில் எங்கள் அத்தைக்குப் பக்கத்தில் இருந்த காலி இடத்தில் உட்கார்ந்துவிட்டார். அம்மா கரண்டியை யார் கையிலோ கொடுத்துவிட்டு ஓடினாள், ஆனால் அப்பா முந்திக்கொண்டார். தானே இலை போட்டு, தண்ணீர் தெளித்து, பிரியாணியும் தொட்டுக்கொள்ளக் கத்திரிக்காயும் வைத்தார். அந்த அம்மாள் தலை நிமிராமல் பிசைந்து, ஒரு வாய் சாப்பிட்டார், இன்னொரு வாய் சாப்பிட்டார். பிறகு அப்பாவை நேராக நிமிர்ந்து பார்த்தார்.

"கத்திரிக்காய் இன்னும் கொஞ்சம் வைங்கண்ணே," என்றார்.